ந.க.எண் 417: டி டிரைவ் இல்லாமை தொடர்பாக

இருந்தவர்கள்: மேசையின் தலைப்பக்கம், ஏசிக்கு நேர் கீழே, இயக்குநர் திரு. கருத்தக்கண்ணன். அவருக்கு வலப்பக்கம் தொழில்நுட்ப ஆலோசகர் திரு. சூரியபிரகாஷ். இடப்பக்கம் கண்காணிப்பாளர் திருமதி சத்யப்ரியா. அடுத்த மூன்று நாற்காலிகளில் எடைக்களங்களின் மேற்பார்வையாளர்கள் மூவர். அவர்களில் சுருளி என் தங்கை வீட்டுக்காரர் என்பதால் அவர் பெயரை மட்டும் சொல்கிறேன். அதற்கடுத்த நாற்காலி காலி. அதை ஒரு பிரதிநிதிக்கென்று ஒதுக்கி எட்டு வருடமாகிறது. யாருடைய பிரதிநிதி என்று கேட்டு நாங்கள் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. கதவோரம், வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியில், ஒப்பந்தப் பணியாளர் செல்வி ரோகிணி, மடியில் மடிக்கணினியோடு. பிரிண்டருக்குப் பக்கத்து முக்காலியில் நான்.

என் பெயர் கூட்டக் குறிப்பில் வராது. பதினேழு வருடமாக அந்தக் குறிப்பை எழுதுகிறவன் நான்தான். எழுதுகிறவன் வந்தவனாகச் சேர்த்தி இல்லை என்பது எங்கள் வாரியத்தின் நடைமுறை. இங்கே மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: முத்திருளன், கடிதப் பிரிவு உதவியாளர், ஊர் திருமங்கலம்.

எங்கள் வாரியத்தின் முழுப்பெயர் வைகைச் சமவெளி வேளாண் கணினி வாரியம். காளவாசலில் பாத்திரக்கடைக்கு மேலே இரண்டாவது மாடி. மதுரையைச் சுற்றி எங்களுக்கு இருபத்திரண்டு நெல் எடைக்களங்கள் இருக்கின்றன. விவசாயி மூட்டையோடு வந்தால் கணினி ஒரு டோக்கன் கொடுக்கும். டோக்கன் வரிசைப்படி எடை போடுவார்கள். அந்த டோக்கன் கொடுக்கும் செயலியைப் பார்த்துக்கொள்வதுதான் வாரியத்தின் வேலை. இதற்கு நாங்கள் முப்பத்தாறு பேர் இருக்கிறோம். செயலியைத் திறந்து பார்த்தவர் ரோகிணி மட்டும்.

ஒரு செயலியை எழுதி முடித்தால் மட்டும் அது ஓடிவிடாது. துண்டு துண்டாக எழுதியதை எடுத்து, வரிசைப்படி சேர்த்து, ஓடக்கூடிய ஒன்றாகக் கட்ட வேண்டும். அதற்கு பில்டு போடுவது என்று பெயர். எந்தத் துண்டை எங்கிருந்து எடுத்து எங்கே வைப்பது என்று கணினிக்கு வேலை சொல்லும் தாள் ஒன்று உண்டு, அது ஸ்கிரிப்ட். எங்கள் ஸ்கிரிப்ட் விண்டோஸ் மட்டும் இருந்த காலத்தில் எழுதியது. எழுபது இடத்தில் ‘டி டிரைவுக்குப் போ’ என்று அதில் இருந்தது. போன வருடம் பதினொரு களங்களுக்கு லினக்ஸ் போட்ட புதுக் கணினிகள் வந்தன. லினக்ஸில் சி, டி என்ற டிரைவெல்லாம் கிடையாது. எல்லாக் கோப்பும் ஒரே வேரிலிருந்து கிளை பிரியும். ஸ்கிரிப்ட் டி டிரைவைத் தேடிப் போகும், காணாது, சிவப்பு எழுத்தில் நான்கு வரி புலம்பிவிட்டு நின்றுவிடும். பதினொரு களத்தில் டோக்கனைக் கையால் எழுதினார்கள். அதில் அடிதடியும் நடந்தது.

ரோகிணி அந்த ஸ்கிரிப்டைத் தூக்கிப் போட்டுவிட்டு நாற்பத்தொரு வரியில் வேறொன்று எழுதினாள். ‘நான் எந்த மாதிரிக் கணினியில் இருக்கிறேன்’ என்று முதலில் அது கேட்டுக்கொள்ளும். பிறகு, தான் நிற்கிற இடத்திலிருந்தே மற்றதைத் தேடிக்கொள்ளும். டிரைவ் பெயரே அதில் கிடையாது. அன்றைய கூட்டத்தில் அவள் மடிக்கணினியைத் தூக்கிக் காட்டினாள். விண்டோஸில் ஓடியது. லினக்ஸிலும் ஓடியது. எழுந்த ஒரே கேள்வி சத்யப்ரியா அம்மாளுடையது: “இன்னொரு தடவை ஓட்டுனா இன்னொரு தடவையும் ஓடுமாம்மா?”

“ஓடும் மேடம்.”

இயக்குநர் எழுந்து நின்று பேசினார். “இருபது வருஷமா நம்ம வாரியத்து மேல ஒரு தப்பு வந்தது கெடையாது. ஏன்னா நாம எந்த முடிவும் எடுக்குறது கெடையாது. இன்னைக்கு முதல் தடவையா ஒரு முடிவு எடுக்குறேன். பல்தள ஒத்திசைவு அலுவலர்னு ஒரு நிரந்தரப் பணியிடம் நாலு வருஷமா காலியாக் கெடக்கு. அதுக்கு இந்தப் பிள்ளை பேரைப் பரிந்துரைக்கிறேன்.”

எல்லோரும் கை தட்டினார்கள். ரோகிணியின் ஒப்பந்தம் மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. இந்தப் பணியிடம் கிடைத்தால் அவள் இருப்பாள், கிடைக்காவிட்டால் ஆனையூரில் உள்ள வீட்டுக்குப் போய்விடுவாள் என்பது அறையில் இருந்த அனைவருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைச் சுட்டது. இயக்குநர் தன் அறையிலிருந்த கறுப்புச் சுற்றுநாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி, பிரதிநிதி நாற்காலிக்கு முன்னால் போடச் சொல்லி, அவளை அதில் உட்காரவைத்தார். அவள் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தாள். எனக்கு அது திமிராகத் தெரிந்தது.

பாராட்டுக் கடிதத்தை நான்தான் எழுதினேன். ‘இளம் வயதிலேயே முதிர்ந்த நுண்ணறிவு’, ‘வாரியத்தின் வரலாற்றில் ஒரு மைல்கல்’ எல்லாம் என்னுடையவை. பதினேழு வருடத்தில் இப்படி நூற்றுப் பன்னிரண்டு பேரைப் பாராட்டியிருக்கிறேன். கடிதம் படித்தபோது கை தட்டினார்கள். யாருக்கென்று பார்த்தேன். அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இதைச் சொன்னேன். என் மனைவி முத்துமீனா தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்:

“அந்தப் பிள்ளைக்கு நாற்காலி போட்டா ஒங்களுக்கு எங்கங்க வலிக்குது?”

“வலியெல்லாம் இல்ல. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல.”

“நீங்க கம்ப்யூட்டருக்கா படிச்சீங்க?”

“கடுதாசி எழுதப் படிச்சிருக்கேன். பள்ளிக்கூடத்துல கடிதப் பகுதிக்கு அம்புட்டு மார்க்கும் எனக்குத்தான்.”

“அப்ப எழுதுங்க போங்க,” என்றாள். இனிமேல் பேசாதே என்பதற்கு அவள் சொல்வது அது. நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

வாரியத்தில் சுற்றறிக்கை 14 என்று ஒன்று உண்டு. 2011இல் ஒரு கணினியின் சி டிரைவ் கெட்டுப்போனபோது, ‘இனி வாரியத்தின் அனைத்துக் கோப்புகளும் டி டிரைவிலேயே வைக்கப்பட வேண்டும்’ என்று போட்டது. அதை எழுதியவனும் நான்தான். ரோகிணி எழுதியதில் டி டிரைவே இல்லை. ஆக, குற்றம் இருந்தது. நான் கண்டுபிடிக்கவில்லை, அது அங்கேயே இருந்தது.

மொட்டைக் கடுதாசி எழுதினேன். அனுப்புநர்: உண்மை விரும்பி. பெறுநர்: இயக்குநர். பொருள்: டி டிரைவ் இன்றி பில்டு செய்யப்படுதல், சுற்றறிக்கை 14 மீறப்பட்டமை, தொடர்பாக. பார்வை: மேற்படி சுற்றறிக்கை. ஒன்றரைப் பக்கம். கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று காளவாசலில் டைப் அடிக்கும் கடையில் கொடுத்து அடித்து வாங்கினேன். விரல்ரேகைக்குப் பயந்து பிளாஸ்டிக் பையில் வைத்தே தூக்கிப் போனேன். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உள்ள பெட்டியில் போட்டேன். எல்லாம் சரியாகச் செய்தேன்.

ஒன்றை மட்டும் செய்யாமல் இருக்க முடியவில்லை. வலது மேல்மூலையில் நடப்புக் கணக்கு எண் இல்லாத கடிதத்தை என்னால் உறையில் போட முடியாது. கை போகாது. சட்டை போடாத மனிதனைத் தெருவில் விடுவது போல இருக்கும். எனவே ‘ந.க.எண் 417’ என்று போட்டேன். திங்கட்கிழமை அலுவலகம் வந்ததும் அனுப்புகைப் பதிவேட்டில் 416க்குக் கீழே 417 என்று எழுதி, பொருளையும் எழுதினேன். பதிவேட்டை என்னைத் தவிர யாரும் திறப்பதில்லை. நடுவில் ஓர் எண் விட்டுப்போனால் தணிக்கையில் கேட்பார்கள்.

செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. வருகிற கடிதங்களைப் பிரித்து முத்திரை போடுவதும் நான்தான் என்பதால், நானே வாங்கி, நானே படித்து, அதிர்ச்சியடைந்து, இயக்குநரிடம் கொண்டுபோனேன்.

“கையெழுத்து இல்லையே. மொட்டைக் கடுதாசியக் குப்பையில போடணும்னு ரூல் இருக்கே,” என்றார்.

எனக்கு அப்போது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அவர் கடிதத்தைக் கசக்கப் போனவர், நிறுத்தி, கண்ணாடியை ஏற்றினார்.

“முத்திருளா. இதுல ந.க.எண் இருக்குய்யா.”

“ஆமா சார்.”

“நம்பர் போட்டு வந்த கடுதாசிய எப்படிக் குப்பையில போடுறது? எந்த ஆபீஸோ, எவ்வளவு பெரிய ஆளோ. பதில் போடலைன்னா நினைவூட்டுக் கடிதம் வரும்யா!”

இரண்டாம் கூட்டம் வியாழக்கிழமை. இருந்தவர்கள் அவர்களே, இடம் மட்டும் மாறியிருந்தது. சுற்றுநாற்காலி மேசையிலிருந்து இரண்டடி பின்னால் தள்ளப்பட்டிருந்தது. அதில் ரோகிணி. மேசைமேல் கண்ணாடிக் கவருக்குள் என் கடிதம். பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில். எனக்கு என்றும் தண்ணீர் பாட்டில் வைத்ததில்லை.

இயக்குநர் கடிதத்தை உரக்கப் படித்தார். இரண்டாவது பத்தியில் ஒரு நீண்ட வாக்கியம் உண்டு, அங்கே மூச்சு விடாமல் படித்தார். நன்றாக இருந்தது.

“என்னம்மா, டி டிரைவ் எங்கே?”

“லினக்ஸ்ல டி டிரைவ் கெடையாது சார்.”

“கெடையாதுன்னா வாங்குங்க.”

“வாங்குறது இல்ல சார். அந்த முறையே அங்க கெடையாது. அது இல்லாமலே ஓடுறதுக்குத்தான் நான் இதை எழுதுனேன். ஓடுதுல்ல சார்?”

சூரியபிரகாஷ் அடையாள அட்டையை நேராக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தான். அவன் பேசினால் அறையில் யாருக்கும் புரியாது. புரியவில்லை என்று காட்டிக்கொள்ள யாருக்கும் தைரியம் வராது. அதுதான் அவனுடைய தகுதி. ஆனால் அன்று தெளிவாகவே பேசினான்.

“ஓடுதா ஓடலையாங்குறது ரிசல்ட் சார். நாம பாக்க வேண்டியது புரோசஸ். புரோசஸ் சரியா இருந்து ஓடலைன்னா நம்ம மேல தப்பு வராது. இது புரோசஸ் இல்லாம ஓடுது. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.”

“எனக்கும்,” என்றார் இயக்குநர். “ஓடாத காலத்துல நான் நிம்மதியா இருந்தேன்.”

சில நாட்களாகக் களங்களில் ஓடிக்கொண்டிருந்த நாற்பத்தொரு வரியும் நிறுத்திவைக்கப்பட்டது. ‘லினக்ஸுக்கு டி டிரைவ் வழங்கும் குழு’ அமைக்கப்பட்டது. தலைவர் சூரியபிரகாஷ். பணியிடப் பரிந்துரை குழுவின் அறிக்கைக்குப் பிறகு. கூட்டம் முடிந்ததும் சுருளி படியில் என் கையைப் பிடித்தார்.

“மச்சான், நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சே. எந்தப் பய மச்சான் இந்தக் கடுதாசியப் போட்டது?”

“யாரோ விவரமான ஆளு மாப்ள.”

“வெளங்காத பய. களத்துல வந்து ஒரு நாள் நிக்கச் சொல்லுங்க அவனை.”

குழு மூன்று வாரம் கூடியது. முதல் வாரம் டி டிரைவின் நீள அகலம் பற்றி விவாதித்தார்கள். இரண்டாம் வாரம், சி இல்லாத இடத்தில் டி எப்படி வரும், எனவே முதலில் சி வழங்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்து, அதற்கு ஒரு துணைக்குழு போட்டார்கள். மூன்றாம் வாரம் சுருளி போன் செய்து, களத்தில் நானூறு மூட்டை கிடக்கிறது, வானம் மூடிக்கொண்டு வருகிறது, கையால் எழுதிய டோக்கனில் மூன்று பேருக்கு ஒரே எண் விழுந்து ஒருவருக்கு மண்டை உடைந்துவிட்டது என்றார். நான் அதைக் கடிதமாக எழுதித் தரும்படி கேட்டேன்.

கடைசியில் ரோகிணியே எழுந்து சொன்னாள்: “சார், டி டிரைவுன்னு பேரு இருந்தா போதுமா?”

“போதும்மா. சுற்றறிக்கையில பேருதான் இருக்கு.”

லினக்ஸில் ஒரு ஃபோல்டருக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம். டி என்று எழுதி, பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்து, அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டர் உண்டாக்கினாள். ஒரு விநாடி ஆனது. குழுத் தலைவர் எழுந்துபோய் திரையை இரண்டு பக்கமிருந்தும் பார்த்துவிட்டு, டி டிரைவ் வந்துவிட்டது என்று அறிவித்தார். இது இருபத்திரண்டு களத்துக்கும் போக வேண்டும், ஆகையால் எல்லோரும் எடுத்துக்கொள்ளும் பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்றார்.

“அங்க மட்டும் வைக்காதீங்க சார்,” என்றாள் ரோகிணி. “விண்டோஸ் பேருல ரெண்டு புள்ளி இருந்தா ஏத்துக்காது. பழைய மெஷின் பதினொண்ணும் களஞ்சியத்துல இருந்து எதையும் எடுக்காம நின்னுரும். லினக்ஸ் மெஷின்ல மட்டும் வைப்போம்.”

இதைத் தெளிவாகச் சொன்னாள். இரண்டு முறை சொன்னாள். என் கிறுக்கல் நோட்டில் நான் அதை எழுதினேன். கூட்டக் குறிப்பாகத் தட்டச்சு செய்யும்போது அந்த ஐந்து வரி வந்ததும் கை நின்றது. அவளுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்பது பதிவில் ஏற வேண்டுமா என்று யோசித்தேன். ‘பின்னர் பொதுவான கருத்துகள் பரிமாறிக்கொள்ளப்பட்டன’ என்று முடித்தேன்.

டி டிரைவ் திறப்புவிழா வெள்ளிக்கிழமை ராகுகாலத்துக்கு முன்பு நடந்தது. கணினித் திரையைச் சுற்றி ரிப்பன் கட்டியிருந்தார்கள். கீபோர்டுக்கு சந்தனம் வைத்ததில் ஒரு பொத்தான் ஒட்டிக்கொண்டது. இயக்குநர் எண்டரை அமுக்கினார். ஃபோல்டர் திறந்தது.

“உள்ள என்னம்மா இருக்கு?”

“ஒண்ணும் இல்ல சார், காலி.”

“காலியாத்தான் இருக்கணும். தொறக்குறப்பவே நெறஞ்சிருந்தா இடம் பத்தலைன்னு அடுத்த கடுதாசி வரும்.”

காலி ஃபோல்டரைக் களஞ்சியம் ஏற்காது, ஏதாவது ஒரு கோப்பு வேண்டும் என்று ரோகிணி சொன்னதால், சுற்றறிக்கை 14இன் நகலை உள்ளே வைத்தார்கள். அனைவருக்கும் கேசரி கொடுத்தார்கள். உண்மை விரும்பிக்கு நன்றி தெரிவித்து இயக்குநர் பேசினார். முகம் தெரியாத அந்த மனிதர் இல்லாவிட்டால் இந்த நாள் இல்லை என்றார். எனக்குக் கேசரி வரும்போது தட்டில் முந்திரி தீர்ந்திருந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குள் விண்டோஸ் களங்கள் பதினொன்றும் நின்றன. இரண்டு புள்ளியைப் பார்த்ததும் அவை களஞ்சியத்திலிருந்து எதையும் எடுக்க மறுத்தன. லினக்ஸ் களங்கள் ஏற்கெனவே நின்றிருந்தன. வாரியத்தின் வரலாற்றில் முதல் முறையாக இரண்டு இயங்குதளங்களும் ஒரே மாதிரி நடந்துகொண்டன. அன்று மத்தியானம் மழையும் பெய்தது.

மூன்றாம் கூட்டம். சுற்றுநாற்காலி மேசைக்கு வந்திருந்தது, ஆனால் காலியாக. ரோகிணி கதவோரம், பழைய வெள்ளை நாற்காலியில். சுருளியின் வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது.

“யாரோட தப்பு?” என்றார் இயக்குநர்.

“நான் அன்னைக்கே சொன்னேன் சார், களஞ்சியத்துல வைக்காதீங்கன்னு,” என்றாள் ரோகிணி.

இயக்குநர் கூட்டக் குறிப்பை வாங்கிப் புரட்டினார். “அப்படி எதுவும் இதுல இல்லையேம்மா.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் பிரிண்டரைப் பார்த்தேன். அதில் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“குறிப்புல இல்லாதது நடக்காதது,” என்றார் இயக்குநர். பிறகு என் கடிதத்தைக் கண்ணாடிக் கவரோடு தூக்கிக் காட்டினார். “இம்புட்டுக் குழப்பத்துலயும் ஒரே ஒரு ஆளுதான் தெளிவா இருந்திருக்காரு. டி டிரைவ் விஷயத்துல பெரிய சிக்கல் இருக்குன்னு முதல்ல எழுதுனது யாரு? உண்மை விரும்பி. அந்த நடையப் பாருங்க. அந்த ஒழுங்கப் பாருங்க. பொருள், பார்வை, பத்தி எண்! நம்ம ஆபீஸ்ல இப்படி எழுத ஒருத்தன் இருக்கானா?”

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். இல்லை சார் என்றேன்.

“அந்த ஆளு யாருன்னு தெரிஞ்சா அந்தப் பணியிடம் அவருக்குத்தான்.”

பொறாமையைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் மாடி எடுத்தபோது பட்டிருக்கிறேன். என்னோடு படித்தவன் காரில் வந்து வழி கேட்டபோது பட்டிருக்கிறேன். ஆனால் அன்று அந்த முக்காலியில் உட்கார்ந்து நான் பட்ட பொறாமை வேறு எவனும் பட்டிருக்க மாட்டான். உண்மை விரும்பிக்குத் தண்ணீர் பாட்டில். உண்மை விரும்பிக்குக் கண்ணாடிக் கவர். பதினேழு வருடம் இதே நடையில்தான் நான் எழுதினேன். கையெழுத்துப் போட்டு எழுதியபோது ஒருவர்கூடப் பார்க்கவில்லை. அவன் ஒரே ஒரு கடிதம் எழுதினான், பெயர்கூடச் சொல்லவில்லை, அவனுக்கு நாற்காலி. அவனைக் கையில் கிடைத்தால் நான் என்ன செய்திருப்பேனோ.

எழுந்து சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு செருமல் கேட்டது.

“வெளிய சொல்லக் கூடாதுன்னு இருந்தேன் சார்,” என்றான் சூரியபிரகாஷ். “புகழ் வேணாம்னுதான் பேரு போடாம எழுதுனேன்.”

முதலில் சத்யப்ரியா அம்மாள் கை தட்டினார். பிறகு எல்லோரும். சூரியபிரகாஷ் சுற்றுநாற்காலியில் போய் உட்கார்ந்தான். சிக்கலுக்குத் தீர்வு என்ன என்று கேட்டபோது அதையும் சொன்னான்: களஞ்சியத்தைப் பழைய நிலைக்குத் திருப்புவது. அதாவது அந்த ஃபோல்டரைத் தூக்கிவிட்டு, நிறுத்திவைத்த நாற்பத்தொரு வரியை மறுபடி ஓட விடுவது. அதற்கு ‘சூரியபிரகாஷ் முறை’ என்று பெயர் வைத்துத் தீர்மானம் போட்டார்கள். சுற்றறிக்கை 14 இருக்கிறதே என்று சத்யப்ரியா அம்மாள் கேட்டதற்கு, ‘வாரியத்தின் எந்த ஃபோல்டரும் டி டிரைவாகவே கருதப்படும்’ என்று ஒரு திருத்தம் சேர்த்தார்கள். ரோகிணி முப்பத்தொன்றாம் தேதிக்குள் எல்லாவற்றையும் அவனிடம் ஒப்படைக்க வேண்டும்.

மாலைக்குள் இருபத்திரண்டு களமும் ஓடின.

கீழே டீக்கடையில் ரோகிணி நின்றிருந்தாள். நான் திரும்பிப் போகப் பார்த்தேன்.

“வாங்கண்ணே, டீ சாப்பிடுங்க. நானூத்திப் பதினேழு.”

கிளாஸ் கையில் சுட்டது.

“போன வருஷம் ஒங்க பதிவேட்டக் கம்ப்யூட்டர்ல ஏத்துனது நான்தானேண்ணே. நானூத்திப் பதினாறு நீங்க எனக்கு எழுதுன பாராட்டுக் கடுதாசி, அதுக்கு அடுத்த நம்பர் எனக்கு எப்படித் தெரியாமப் போகும்? ரெண்டாவது கூட்டத்துல அந்த மூலையப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு. மொட்டைக் கடுதாசிக்கு நம்பர் போடுற ஆளு இந்த மதுரையிலயே நீங்க ஒருத்தர்தான்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொன்னா? அதை விசாரிக்க ஒரு கமிட்டி போடுவாங்க. நீங்கதான் குறிப்பு எடுப்பீங்க. அதுலயும் நான் சொன்னது வராது.” டீயை ஒரு வாய் குடித்தாள். “அது கெடக்கட்டும். ஒங்களுக்கு நான் என்னண்ணே செஞ்சேன்?”

யோசித்துப் பார்த்து, இருந்ததைச் சொன்னேன்.

“அந்த நாற்காலி.”

“எது, அந்தக் கறுப்பா?” அவள் சிரித்தாளா, எரிச்சல்பட்டாளா தெரியவில்லை. “அதுக்கு ஒரு சக்கரம் கெடையாதுண்ணே. அதனாலதான் டைரக்டர் தன் ரூம்ல இருந்து தள்ளிவிட்டாரு. விழுந்துரக் கூடாதுன்னு ஒரு பக்கமா சாஞ்சேதான் உக்காந்திருந்தேன். இடுப்பு இன்னும் வலிக்குது.” கிளாஸை வைத்துவிட்டு, “வாரேண்ணே,” என்று ஆனையூர் பஸ்ஸுக்குப் போனாள்.

இருபத்தெட்டாம் தேதி, மதியச் சாப்பாட்டு நேரத்தில், சென்னையில் இருக்கும் வாரியத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். மனசாட்சி உறுத்தியதால் எழுதினேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால், பக்கத்து அறையில் சூரியபிரகாஷ் என் புகார்க் கடிதத்தின் இரண்டாவது பத்தியைத் தன் நண்பனுக்குப் போனில் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான். மூச்சு விட வேண்டாத இடத்தில் மூச்சு விட்டான். ரோகிணி நிரந்தரமாவதை என்னால் தாங்க முடியும் என்று எனக்கு அப்போது தெரிந்தது. இதைத் தாங்க முடியவில்லை.

எழுதி முடித்து எண்ணிப் பார்த்தேன். உண்மை விரும்பி நானே என்று நிரூபிக்க இருபத்தாறு வரி. ரோகிணிக்கு இரண்டு வரி, அதுவும் கடைசியில், ‘மேலும்’ என்று தொடங்கி. கிழித்துப் போட்டேன். மறுபடி எழுதினேன். நாற்பத்தொரு வரியை எழுதியவர் செல்வி ரோகிணி. அதுவே இன்று இருபத்திரண்டு களத்திலும் ஓடுகிறது. களஞ்சியத்தில் வைக்க வேண்டாம் என்று அவர் எச்சரித்தார். அந்த எச்சரிக்கையைக் குறிப்பிலிருந்து நீக்கியவன் நான். கிறுக்கல் நோட்டின் அந்தப் பக்கம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. புகார்க் கடிதத்தை எழுதியவனும் நான். பதிவேட்டின் பக்கம், டைப் அடித்த கடையின் ரசீது இணைப்பில். எழுதிய காரணம்: பொறாமை. அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் ஓர் அடைமொழி போடக் கை துடித்தது. போடவில்லை. அவருடைய ஒப்பந்தம் முப்பத்தொன்றில் முடிவதால் அவசரம் என்று மேலே சிவப்பில் கோடிட்டேன்.

ந.க.எண் 431. பதிவேட்டில் ஏற்றினேன்.

கீழே கையெழுத்துப் போட்டேன். பழக்கத்தில் பேனா அதற்கடியில் ‘இயக்குநருக்காக’ என்று எழுதிவிட்டது. பதினேழு வருடம் எல்லாக் கடிதத்திலும் எழுதியது. அடித்தல் திருத்தல் உள்ள கடிதம் என்னிடமிருந்து போனதில்லை. புதுத் தாள் எடுத்து முழுவதும் மறுபடி எழுதலாமா என்று பார்த்தேன். மணி இரண்டே முக்கால், ஸ்பீட் போஸ்ட் மூன்று மணிவரைதான். அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். மடித்து, உறையில் போட்டு, கோந்து தடவி, விளிம்பை இரண்டு முறை விரலால் அழுத்தித் தேய்த்தேன்.

தபால் அலுவலகத்தில் கவுண்டரில் இருந்த அம்மாள் உறையைத் திருப்பிப் பார்த்தார்.

“அனுப்புறவங்க பேரு போடலையேண்ணே.”

வாங்கி எழுதிக் கொடுத்தேன். முத்திருளன், திருமங்கலம். அவர் எடைபோட்டு, முத்திரை குத்தி, நாற்காலியை அப்படியே சுழற்றிப் பின்னால் இருந்த சாக்கில் போட்டார்.

அதுவும் கறுப்புச் சுற்றுநாற்காலிதான். குனிந்து எண்ணினேன். சக்கரம் ஐந்தும் இருந்தது.